அடுப்படிச் சிம்னி ஓடும்போது கணப்புப் புகை ஏன் கூடத்துக்குள் வருகிறது?

கேள்வி: ஏற்காட்டில் மாமனார் காலத்துக் கல் கட்டட வீடு எங்களுடையது. கூடத்தில் கணப்பு உண்டு. இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறோம். நான்கு மாதத்துக்கு முன் சேலத்தில் 90 செ.மீ. கிச்சன் சிம்னி வாங்கி மாட்டினோம். 1,200 சக்ஷன் என்றார்கள். சமையலறை 10 அடிக்கு 8 அடி, உயரம் 10 அடி. பின்சுவர் ஒன்றரை அடி கல் சுவர், துளை போட முடியாது என்று சொல்லி, 4 அங்குல பிவிசி பைப்பில் மூன்று வளைவு கொடுத்து, பரண் வழியாகக் கொண்டுபோய் வெளியே விட்டிருக்கிறார்கள். சத்தம் காதைக் கிழிக்கிறது, தாளிக்கிற நெடி மட்டும் போகவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து சிம்னியிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் அடுப்பின் மேல் சொட்டுகிறது. மாட்டிய ஆளைக் கூப்பிட்டால், "பைப்பே வேண்டாம், கார்பன் ஃபில்டர் போட்டுவிடலாம்" என்கிறார். போடலாமா? இன்னொன்று: இரவில் சமைக்கும்போது கணப்புப் புகை கூடத்துக்குள் வருகிறது. மாமியாருக்கும் எனக்கும் குளிர் நாட்களில் சாயங்காலம் ஆனால் தலைவலி. பனிக்காற்றுதான் காரணமாக இருக்கும். — ஏற்காடு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கார்பன் ஃபில்டருக்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகள். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கடிதமே. இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். கணப்பு எரிகிற நேரத்தில் சிம்னியைப் போடாதீர்கள். சிம்னி ஓட வேண்டிய நாளில் கணப்பை மூட்டாதீர்கள். கனல் கண்ணுக்குத் தெரிகிறவரை அது எரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தலைவலி பனியால் வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு, ஒரே நேரத்தில், கணப்பு மூட்டுகிற நாட்களில் வருகிறது என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகை வந்தாலாவது கண் எரியும், இருமல் வரும், எழுந்து போய் கதவைத் திறப்போம். இது அப்படி எந்தத் தகவலும் கொடுக்காது. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் அசதி, தூக்கம். தோட்டத்தில் கொஞ்ச நேரம் நடந்தால் தலைவலி குறைகிறதா, உள்ளே வந்து உட்கார்ந்தால் மறுபடி வருகிறதா என்று கவனியுங்கள். மாமியாரை டாக்டரிடம் அழைத்துப்போய், "வீட்டில் விறகுக் கணப்பு இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு சந்தேகம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை நம்பிவிட வேண்டாம். இந்த வாயு ஏறியிருந்தாலும் சாதாரண ஆக்சிமீட்டர் 98, 99 என்றே காட்டும். இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். என்றைக்காவது தலைவலியோடு மயக்கமாகவும் இருந்தால், காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லாரும் வீட்டுக்கு வெளியே வந்துவிடுங்கள். அங்கிருந்து 108-க்கு போன் செய்யுங்கள்.

கணப்புப் புகை ஏன் கூடத்துக்குள் வருகிறது? எண்ணெய் டின்னை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று விட்டு விட்டு வரும். எதிர் மூலையில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஊற்றும். உள்ளே காற்று போனால்தான் எண்ணெய் வெளியே வரும் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடும் அப்படித்தான். சிம்னி காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும்.

உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டேன். சமையலறை 800 கன அடி, அதாவது 22.7 கன மீட்டர். 1,200 சக்ஷன் என்றால் மணிக்கு 1,200 கன மீட்டர் காற்று. பெட்டியில் போட்டிருக்கிற அந்தக் கணக்குப்படி ஓடினால் 68 விநாடிக்கு ஒரு முறை உங்கள் சமையலறைக் காற்று முழுவதும் காலியாகும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவிடுக்கில் துணியும் வைத்துவிட்டால் மாற்றுக் காற்று எந்த வழியாக வரும்? வீட்டில் திறந்தபடி இருக்கிற பெரிய துவாரம் ஒன்றே ஒன்றுதான், கணப்பின் புகைபோக்கி. மேலே போக வேண்டிய காற்று அதில் கீழே இறங்குகிறது, புகையையும் கூட்டிக்கொண்டு.

இதில் நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிற நேரத்தைவிட ஆபத்தானது அது அடங்குகிற நேரம். சில்வர் ஓக் கட்டை எரிந்து முடிந்து சிவப்பாகக் கனல் மட்டும் கிடக்கும்போது புகை கண்ணுக்குத் தெரியாது. பார்க்க அழகாக இருக்கும், பக்கத்தில் உட்காரத் தோன்றும். கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது அப்போதுதான். சூடு குறைந்துவிட்டதால் புகைபோக்கியின் இழுப்பும் அப்போது தளர்ந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி சுடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கணப்பு முழுக்க ஆறிய ஒரு பகலில், சாம்பலை அள்ளிவிட்டு, வீட்டுக் கதவு ஜன்னல்களை இரவில் சாத்துகிற மாதிரியே சாத்துங்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள கதவு மட்டும் திறந்திருக்கட்டும். சிம்னியை முழு வேகத்தில் போட்டு ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கணப்பின் வாயில், மேல் விளிம்புக்குக் கீழே பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து மேலே ஏறினால் நல்லது. உங்கள் முகத்தைப் பார்த்து வந்தால் வீடு கணப்பு வழியாக மூச்சு இழுக்கிறது என்று அர்த்தம். அப்படியே கையை எடுக்காமல், வீட்டில் யாரையாவது சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லுங்கள். எந்த அளவு திறந்ததும் ஊதுபத்திப் புகை திரும்பி உள்ளே போகிறதோ அந்த இடத்தில் ஜன்னல் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சிம்னி ஓடும்போதெல்லாம் ஜன்னல் அந்தக் கோட்டுக்குக் குறையக் கூடாது.

எவ்வளவு திறக்க வேண்டியிருக்கும் என்று தோராயமாகச் சொல்கிறேன். சிம்னியை நடு வேகத்தில் ஓட்டி, மணிக்கு 600 கன மீட்டர் போகிறது என்று வைத்தால், காற்று முகத்தில் அறையாமல் மெல்ல நுழைய ஒரு அடிக்கு ஒன்றே முக்கால் அடி திறப்பு வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் இது கஷ்டம்தான், தெரிகிறது. ஆனால் அடுப்பு எரிகிற இடத்தில் அந்தக் குளிர் அவ்வளவாகத் தெரியாது. அடுப்புக்கு எதிர்ப்பக்க ஜன்னலாகப் பார்த்துத் திறங்கள். அடுப்பை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால் காற்று குறுக்கே அடித்து, சிம்னிக்குப் போக வேண்டிய புகையைத் தட்டிவிடும், தீயும் ஆடும். சமையல் ஓடும்போது கூடத்துக் கதவைச் சாத்தி வைப்பதும் நல்லது. இத்தனையும் செய்தாலும், கணப்பும் சிம்னியும் சேர்ந்து ஓடுவதை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வயதானவர் இருக்கிற வீடு, விருந்தினர் படுக்கிற வீடு. கூடத்தில் ஒன்றும், படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்றும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

விருந்தினர் குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். சாத்திய குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கவே கூடாது, சிம்னி இருந்தாலும் இல்லாவிட்டாலும். வெளிச்சுவரில் மாட்டி வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

இப்போது கார்பன் ஃபில்டர். வேண்டாம்.

பைப் இல்லாத சிம்னி காற்றை எங்கேயும் அனுப்புவதில்லை. இழுத்து, எண்ணெயைப் பிடித்து, கரித்தூள் வழியாகக் கொஞ்சம் நெடியைப் பிடித்து, அதே காற்றை உங்கள் தலைக்கு மேலேயே திருப்பி விடுகிறது. சூடு போகாது. கேஸ் எரிந்து வருகிற வாயுக்கள் போகாது. கார்பன் மோனாக்சைடைக் கரி பிடிக்காது. ஈரமும் போகாது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வருகிறது. 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரைச் சமையலறைக் காற்றில் விட்டிருப்பீர்கள். சோறு, சாம்பார், இட்லி ஆவியெல்லாம் இதற்கு மேல். வெளிச்சுவரே இல்லாத அடுக்குமாடி வீட்டில், வேறு வழியில்லை என்றால் கார்பன் ஃபில்டர் போடட்டும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றட்டும். மழையும் மஞ்சும் மாதக்கணக்கில் நிற்கிற மலைமேல், கல் சுவர் வீட்டுக்குள் இருபது லிட்டரைத் திருப்பி விட்டால் சுவரில் பூஞ்சை ஏறும், அலமாரித் துணியில் வாடை அடிக்கும்.

சொட்டுகிற மஞ்சள் தண்ணீரும் இந்த ஆவிதான். அடிவாரத்தில் பஸ் ஏறும்போது வியர்த்த சட்டையோடு உட்கார்ந்து, இருபது கொண்டை ஊசி வளைவு முடிந்து இறங்கும்போது ஸ்வெட்டரைத் தேடுகிறோம் இல்லையா? சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறீர்கள், ஏழெட்டு டிகிரி குறைவு. மார்கழி ராத்திரியில் அந்தக் குளிர் உங்கள் பரணுக்குள்ளும் இருக்கும். அடுப்பிலிருந்து சூடாக ஏறுகிற ஆவி, சில்லிட்ட பைப்பைத் தொட்டதும் தண்ணீராகிறது. பைப் உட்புறம் படிந்த எண்ணெயைக் கரைத்துக்கொண்டு, சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடுகிறது. உங்கள் பைப்பின் சாய்வு அடுப்புப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். சேலத்தில் இதே தப்பைச் செய்தால் சொட்டு தெரிய வருஷம் ஆகும். மலையில் ஒரே குளிர்காலத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

சத்தத்துக்கும் நெடிக்கும் காரணம் 4 அங்குலம். உங்கள் சிம்னியின் தலையில் உள்ள வளையத்தை அளந்து பாருங்கள், 6 அங்குலம் இருக்கும். அதில் வாயைச் சின்னதாக்குகிற ரெட்யூசர் ஒன்றைப் போட்டு 4 அங்குலத்தில் சேர்த்திருப்பார்கள். 6-க்கும் 4-க்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காற்று போகிற வாய் 36-லிருந்து (6×6) 16-ஆகக் (4×4) குறைகிறது, பாதிக்கும் கீழே. 1,200 கன மீட்டரை 4 அங்குலக் குழாயில் தள்ள வேண்டுமானால் காற்று மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வேண்டும். வீட்டு மோட்டாருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது உள்ளேயே காற்றைச் சுழற்றிக் கத்துகிறது. போதாக்குறைக்கு மூன்று வளைவு. ஒவ்வொரு நேர்கோண வளைவும் மூன்று, நான்கு மீட்டர் நேர்ப் பைப்பைச் சேர்த்த மாதிரி எதிர்ப்பைக் கொடுக்கும். உங்கள் சிம்னியில் தப்பில்லை. அதை மாற்றவும் வேண்டாம். பாதையைத்தான் மாற்ற வேண்டும்.

பிவிசி ஏன் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். கழிவுநீருக்குச் செய்த குழாய் அது. 80 டிகிரிச் சூட்டிலேயே இளகும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து பைப் வரை ஏறினால், எரிகிற பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு என்ற காரமான நச்சு வாயுவைக் கக்கும். அதுவும் பரணுக்குள், நீங்கள் பார்க்க முடியாத இடத்தில். சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டுப் பரணைத் திறந்து பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. யாரோ மாட்டிய சிம்னி. பைப் இணைப்பு ஒன்று விட்டுப்போய் இரண்டு வருஷமாகப் பரணுக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறிக் கதவை இழுத்தால் வரவில்லை, எண்ணெய்ப் பிசினில் ஒட்டியிருந்தது. உள்ளே இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, மேல்பக்கம் மஞ்சளாகி, தொட்டால் விரல் ஒட்டியது. பழைய பித்தளை அண்டாவைத் தூக்கினால் கீழே விரித்த செய்தித்தாளும் கூடவே வந்தது. எண்ணெயில் ஊறிய பஞ்சும் காகிதமும், நேர் கீழே அடுப்பு. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டது கரப்பான் தொல்லைக்கு வழி கேட்க. அன்றிலிருந்து பரண் வழியாகப் பைப் போகிறது என்று யார் சொன்னாலும் முதலில் பரணைத் திறக்கச் சொல்கிறேன். நீங்களும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்துப் பாருங்கள்.

சரி, புதுப் பாதை எப்படி? கல் சுவரில் துளை போட முடியாது என்பது முழு உண்மை இல்லை. வைரப் பல் வைத்த கோர் கட்டிங் மெஷின் ஒன்றரை அடிக் கல்லையும் வட்டமாக அறுத்துவிடும், சேலத்திலிருந்து ஆள் வருவார்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். மாமனார் காலத்துக் கட்டடம் என்றால் சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டியிருக்கலாம். மெஷின் அதிர்வில் பக்கத்துக் கல் தளரும். அந்தக் காலத்து வீடுகளில் ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு வெண்டிலேட்டர் இருக்குமே, அதைப் பாருங்கள். புகை போகட்டும் என்றுதான் அதை வைத்தார்கள். அதன் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அளவுக்கு ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடோ ஸ்டெயின்லெஸ் தகடோ வெட்டி, நடுவில் 6 அங்குல வட்டம் எடுத்துப் பொருத்தினால் சுவரைத் தொடவே வேண்டாம். மரச் சட்டத்தைப் பைப் உரசாமல் நடுவில் இடம் விட்டு, இடைவெளியைத் தகடால் மூடச் சொல்லுங்கள்.

சிம்னித் தலையிலிருந்து நேராக மேலே ஏறி, ஒரே ஒரு வளைவில் திரும்பி, அந்த வெண்டிலேட்டர் வழியாக வெளியே. முழுக்க 6 அங்குலம், முழுக்கத் தகரம். நம் ஊரில் ஜிஐ ஷீட்டிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் உருளையாக உருட்டித் தருகிற பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சேலத்தில் செவ்வாப்பேட்டைப் பக்கம் கேட்டாலே வழி சொல்வார்கள். கம்பெனிப் பெட்டியோடு வருகிற அலுமினியச் சுருள் பைப்பை எல்லாரும் போடுகிறார்கள். போடத்தான் வேண்டும் என்றால் கடைசிவரை இழுத்து, மடிப்பில்லாமல், தேவைக்கு மேல் ஒரு சாண் கூட விடாமல் வெட்டிப் போடச் சொல்லுங்கள். சுருள் மடிப்பில்தான் எண்ணெய் தங்கும். இணைப்புகளில் ஹோஸ் கிளாம்ப் போட்டு, மேலே அலுமினிய ஃபாயில் டேப் சுற்ற வேண்டும். துணி டேப்பும் செல்லோ டேப்பும் சூட்டில் உரிந்துவிடும். ஸ்க்ரூ அடித்தால் அதன் முனை பைப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, எண்ணெய் அதில் பிடித்துக்கொண்டு வளரும்.

வளைவுக்கு அப்புறம் வெளியே போகிற படுக்கைப் பகுதி, மீட்டருக்கு இரண்டு செ.மீ. வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். நிலைமட்டக் குழாயை வைத்து நீங்களே பாருங்கள், ஆளின் கண் பார்வையை நம்ப வேண்டாம். செங்குத்தாக ஏறுகிற பகுதியில் ஊறுகிற தண்ணீர் கீழேதான் வரும், அதற்குச் சாய்வு உதவாது. ஆகவே வெளியே தெரிகிற பைப் மேல் ஒரு அங்குலக் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) சுற்றி, அதன் மேல் ஃபாயில் ஒட்டினால் பைப் சில்லிடாது. சமையலுக்கு ஐந்து நிமிஷம் முன்பே சிம்னியைக் குறைந்த வேகத்தில் போட்டு, முடிந்த பிறகு பத்து நிமிஷம் ஓடவிட்டால் பைப்பில் ஆவி தங்காது. மலைமேல் இந்தப் பழக்கம் பாதிச் சொட்டை நிறுத்திவிடும்.

வெளி வாயில் மழை இறங்காத மூடியும், காற்று உள்ளே திரும்பாமல் தானே விழுந்து மூடுகிற ஃபிளாப்பும் வேண்டும். மஞ்சோடு காற்று அடிக்கிற பக்கமாக வாயை வைக்காதீர்கள். எந்தப் பக்கம் சுவரில் பாசி அதிகம் பிடித்திருக்கிறதோ அந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சிம்னித் தலையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஃபிளாப்பை மாட்டாமல் பெட்டியிலேயே விட்டுப்போகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதையும் பாருங்கள். அணில், குருவி, குளவி வரும். அதற்காகக் கொசுவலை அடிக்காதீர்கள், எண்ணெய் அடைத்து ஒரே மாதத்தில் சுவராகிவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போதும். விருந்தினர் அறை ஜன்னலுக்கு நேராகவோ, சிலிண்டர் வைத்த இடத்துக்கு மேலாகவோ வாய் வரக் கூடாது.

அடுப்புக்கு மேல் சிம்னியை மாட்டுகிற உயரத்தில் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கம்பெனிக் குறிப்பில் பெரும்பாலும் 65 முதல் 75 செ.மீ. என்று இருக்கும். மாட்ட வருகிறவர் கிரானைட் மேடையிலிருந்து அளப்பார். நம் அடுப்பு மேடைக்குள் பதிந்ததில்லை, மேடை மேல் உட்கார்ந்திருப்பது. பாத்திரம் வைக்கிற கம்பி வரை நாலைந்து அங்குலம் அதிலேயே போய்விடும். அளவை அந்தக் கம்பியிலிருந்து எடுங்கள், உங்கள் மாடலின் குறிப்பேட்டில் உள்ள எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். தாழ்ந்தால் ஃபில்டரில் உள்ள எண்ணெய் சூடேறும். விருந்தினருக்கு இட்லி ஊற்றுகிற பெரிய கொப்பரையை அடுப்பில் வைத்து, மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடி சிம்னியில் இடிக்கிறதா, உங்கள் நெற்றி இடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிளக் பாயிண்ட் அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல், சிம்னி உறைக்குப் பக்கவாட்டில், ஆவி படாத இடத்தில் இருக்கட்டும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் சொருகுவது உயிரோடு விளையாட்டு. சிம்னியின் உடம்பு முழுக்கத் தகடு, அதைத் தொடுகிற கை பெரும்பாலும் ஈரக்கை. மலைப் பாறை மண்ணில் எர்த் சரியாக இறங்காது, எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்ததும் தானே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியரில் விழுகிறது, வீட்டுக்கே ஒன்று வேண்டும்.

கேஸ் கசிவு பற்றி நிறைய பேர் தப்பாக நினைக்கிறார்கள். வாடை வந்தால் சிம்னியைப் போட்டு இழுத்துவிடலாம் என்று. எல்பிஜி காற்றைவிடக் கனம். தரையில் படுத்துக் கிடக்கும், மேலே இருக்கிற சிம்னிக்கு எட்டாது. சுவிட்சைத் தட்டும்போது வருகிற பொறிதான் மிச்சம். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் நேர்மாறு. சிம்னி ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது கொழுந்தை ஃபில்டருக்குள் இழுக்கும். கேஸை அணைத்து, தட்டை ஒரு பக்கமிருந்து நகர்த்தி மூடுங்கள். தண்ணீர் கூடவே கூடாது. சமையலில் உதவிக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் இதைச் செய்து காட்டுங்கள், சொன்னால் மட்டும் போதாது.

ஆட்டோ கிளீன் பட்டன் இருக்கிற மாடல் என்றால் அது மின்விசிறிப் பகுதியைத்தான் சூடாக்கி எண்ணெயை வடிக்கும். எண்ணெய்க் கிண்ணத்தை நீங்கள்தான் எடுத்துக் கொட்ட வேண்டும். ஃபில்டர் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொதி வெந்நீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து ஊறப்போடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வளைவைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இந்த வேலைக்கு ஆளைக் கூப்பிடும்போது மூன்றே வார்த்தை சொல்லுங்கள்: ஆறு அங்குலம், ஒரு வளைவு, வெளிச்சாய்வு. "நாலே போதும்மா, எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் ஊதுபத்திச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். பைப் சரியானதும் சிம்னி முன்பைவிட அதிகமாக இழுக்கும், ஆகவே கணப்பு வழியாகக் காற்று இறங்குவதும் அதிகமாகும். ஜன்னல் கட்டையில் போட்ட பழைய கோடு அப்போது செல்லாது, புதிதாகப் போடுங்கள். ஜன்னலை முழுக்கத் திறந்தும் புகை உங்கள் முகத்துக்கே வந்தால், ஜன்னலின் அளவு, கணப்பு வாயின் அளவு, கூரைக்கு மேல் புகைபோக்கி எத்தனை அடி நிற்கிறது, மூன்றையும் எனக்கு எழுதுங்கள். அதுவரை கணப்பில் விறகு வைக்க வேண்டாம். மாமியாருக்கு ஒரு கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுங்கள்.